மிதுலாவின் சொந்தக்காரி

மிளகாய் அரைக்கக் காத்திருக்கும்போது வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். கண் எரியும், மூக்கு ஒழுகும், நல்ல யோசனை ஒன்று பாதி வரும்போது தும்மல் வந்து அதைக் கொண்டுபோய்விடும். ஆனால் வறுத்த மல்லியை நாளைக்கு என்று வைத்தால் நமத்துப் போகும், பெங்களூர்ப் பையனையும் நாளைக்கு என்று வைக்க முடியாது, மதியத்துக்குள் கூப்பிடுகிறேன், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மேடம் என்று நேற்றே சொல்லிவிட்டான். ஒரு வார்த்தைதான். அவன் கேட்பது நிலமும் இல்லை, நகையும் இல்லை, ஒரு பெயர். மிதுலா. எட்டு வருஷமாக அவள் போன் ஆப்பில் தொடர்கதை எழுதிவருகிற பெயர். அதைக் கொடுத்துவிட்டால் இனி அந்தப் பெயரில் அவனுடைய கம்பெனி எழுதும். நாலைந்து சின்னப் பிள்ளைகளும் தானே கதை எழுதுகிற ஒரு கம்ப்யூட்டர் மெஷினும் சேர்ந்து, ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம். அவளுக்கு மொத்தமாக ஒரு தொகை, அப்புறம் மேற்பார்வை என்று மாதாமாதம் ஏதோ. கொடுக்காவிட்டால் யாரும் அவளை ஒன்றும் செய்யப் போவதில்லை, இப்போது போலவே தினம் ஒன்று எழுதிக்கொண்டு, படிக்கிற கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று அத்தியாயக்காரர்கள் பக்கம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். சரி என்றால் ஒரு மாதிரி பயமாக இருந்தது, மாட்டேன் என்றால் வேறு மாதிரி பயமாக இருந்தது. இரண்டு பயத்தில் எது சின்னது என்று அளந்து பார்ப்பதற்குள் சௌந்தரபாண்டி அண்ணாச்சி பெல்ட்டை மாட்டிவிட்டார், மில் முழுக்கத் தடதடவென்று ஆடத் தொடங்கியது.

“உனக்கென்னம்மா, வீட்ல சும்மாத்தான இருக்க,” என்று காதுக்குள் வந்து கத்தினாள் எதிர்வீட்டுச் செல்வக்கனி அக்கா. “எம் மருமக ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு நிக்கா. நான் முன்னாடி போட்டுக்கிடட்டுமா?” “போடுங்கக்கா,” என்றாள் தங்கபுஷ்பம். சும்மா இருக்கிறவள் வேறு என்ன சொல்வாள். செல்வக்கனி அக்கா காம்பு கிள்ளாத மிளகாயை அப்படியே கொட்டுகிறவள் என்பது தெரு அறிந்த விஷயம், அவளுக்குப் பின்னால் அரைத்தால் மெஷின் வயிற்றில் தங்குகிற அவளுடைய ஒரு கைப்பிடி நம் டப்பாவில்தான் வந்து விழும், அதனால்தான் பெண்கள் மில்லுக்குள் நுழைந்ததும் மெஷினைப் பார்ப்பதில்லை, தனக்கு முன்னால் யார் என்றுதான் பார்ப்பார்கள். அண்ணாச்சியிடம் சொன்னால், “எல்லாம் மொளகாதாம்மா, அதுல என்ன எம் மொளகா ஒம் மொளகா,” என்பார். பெங்களூர்ப் பையன் பிரணவும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னான், கொஞ்சம் நாசூக்காக. உங்கள் ஸ்டைல் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது மேடம், இனிமேல் நீங்கள் எழுதியது எது, டீம் எழுதியது எது என்று உங்களுக்கே தெரியாது. பெருமையாகச் சொன்னான். அவளும் ஏதோ பெருமை போலக் கேட்டுக்கொண்டு, அப்படியா, சந்தோஷம் தம்பி என்று சொல்லிவைத்தாள். போனை வைத்த பிறகுதான், எனக்கே தெரியாது என்றால் அப்புறம் எனக்கு என்ன வேலை என்று தோன்றியது, ஆனால் அதற்குள் பால் பொங்கிவிட்டது.

சும்மா இருக்கிறாள். தெருவில் அவளைப் பற்றி அப்படித்தான் பேச்சு, அதை அவள் ஒரு நாளும் திருத்தியதில்லை. தங்கபுஷ்பம் என்ற பெயரில் காதல் கதை வந்தால் யார் படிப்பார்கள், அது ரேஷன் கடையில் கூப்பிடுகிற பெயர், வாக்காளர் அட்டையில் கிடக்கிற பெயர், அந்தப் பெயருக்குள் ஒரு முத்தக் காட்சி எப்படி நுழையும் என்று யோசித்துத்தான் அவள் மிதுலா ஆனாள். மிதுலாவுக்கு வயது இருபத்தெட்டு என்று வாசகிகள் தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள், அவள் மறுக்கவில்லை, நாற்பத்தேழு வயதுக்காரிக்கு இருபத்தெட்டு ஓசியில் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள். மிது சிஸ் என்பார்கள், மிதும்மா என்பார்கள், அடுத்த யூடி எப்போ, அடுத்த யூடி எப்போ. அத்தியாயத்துக்கு அந்த உலகத்தில் யூடி என்று பெயர். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு யூடி போட்டால் போதும், இடையில் நாலு நாள் கதையை வாயில் போட்டு மென்றுகொண்டே மாவு அரைக்கலாம், துணி மடிக்கலாம். அப்புறம் ஆப்பில் தினமும் போடுகிறவர்களைத்தான் முன்னால் காட்டுவோம் என்றார்கள், தினம் ஒன்று ஆயிற்று. கை வலித்தது, வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்று மகள் காட்டிக்கொடுத்தாள், ஊறுகாய்ப் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து அடுப்படியில் நின்று சொல்லப் பழகினாள், ஒரு கையில் கரண்டி, வாயில் கதாநாயகன். பிறகு கதையைக் கேட்பதற்கு ஒலியாகவும் வேண்டும் என்றார்கள், அதுவும் ஆயிற்று. இப்போது மெஷின். அவள் தோசை வார்த்துக் கதை சொல்லி முடிப்பதற்குள் அது மூன்று பேருக்குக் கல்யாணம் செய்துவைத்துவிடும். கோபம்கூட வரவில்லை. மழை பெய்தால் மழையோடு என்ன சண்டை. ராஜரத்தினம்கூடச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், பருப்பு ஆலைக் கணக்குப் பிள்ளைக்கே உரிய தெளிவோடு, “பேரத்தான கேக்குறான், உன்னையவா கேக்குறான்? குடுத்துட்டு நிம்மதியா இரு.” புருஷன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அவளைக் கேட்கவில்லை. அந்த வாக்கியம் மட்டும் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகவில்லை.

செல்வக்கனி அக்காவின் மிளகாய் விழ ஆரம்பித்ததும் மில்லே சிவந்தது. தங்கபுஷ்பம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, வழக்கம்போல், காலையில் போட்ட யூடியை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். போட்ட பிறகு ஓட்டிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, இருந்தாலும் பழக்கம். காலையில் கதை நன்றாகச் சிக்கிக்கொண்டிருந்தது. கதாநாயகி நிலானி புருஷன் ருத்ரவேந்தனோடு பேசவில்லை, மாமியார் ஓரகத்தியோடு பேசவில்லை, நாத்தனார் யாரோடும் பேசவில்லை, பெரிய வீடு, பத்து அறை, எல்லா அறையிலும் ஒவ்வொருத்தர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் முதலில் வாயைத் திறப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. சாம்பார் கொதிக்கிறது, போன் காத்திருக்கிறது. அப்போதுதான் கதையில் அந்த வீட்டுப் பெரியவர் சபாபதி மாமா உள்ளே வந்தார். தோளில் துண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார், காபியைக் கையில் வாங்கினார், குடிப்பதற்கு முன்னால், எப்போதும் கேட்கிற மாதிரியே, “இன்னிக்கு யாரு யாரோட பேசல?” என்று கேட்டார். அவ்வளவுதான். நாத்தனார் சிரித்துவிட்டாள், சிரித்ததை மறைக்க அடுக்களைக்குள் ஓடினாள், அங்கே ஓரகத்தி, அப்படியே ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. தங்கபுஷ்பத்துக்கு உடம்பு லேசான மாதிரி இருந்தது, அடுத்த விசில் வருவதற்குள் போட்டுவிட்டாள். ஆமாம், நல்ல இடம், சபாபதி மாமா வந்தால் எப்போதுமே நன்றாகத்தான் வரும், இருபதாவது யூடியில்கூட அவர், இருபதாவது யூடியில். இருபதாவது யூடியில் சபாபதி மாமா செத்துப்போனார்.

“ஐயோ,” என்று வாய்விட்டே சொன்னாள். மில் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நெஞ்சு வலி, ஆம்புலன்ஸ், நிலானி கதறியது, பதினாறாம் நாள் காரியம், அதற்கு மறுநாள் உயில் வாசித்தது, எல்லாம் அவள் வாயால் சொல்லித்தான் நடந்தது. உயில் வேண்டும் என்பதற்காகத்தான் அவரைக் கொன்றாள், உயில் இல்லாமல் அந்த இரண்டு பேருக்கும் கட்டாயக் கல்யாணம் எப்படி நடக்கும். கொன்று, எரித்து, சோறு போட்டு, படத்துக்கு மாலை போட்டு, இன்றைக்குக் காலையில் காபியும் கொடுத்துவிட்டாள். இந்தத் தொழிலில் இதைவிட மானக்கேடு கிடையாது. தினம் ஒன்று எழுதினால் நடக்கும்தான், முந்தாநாள் என்ன சொன்னோம் என்பதே ஞாபகம் இருக்காது, ஒருத்தியின் கதாநாயகி பதினாலு மாதம் கர்ப்பமாக இருந்தாள், வாசகிகள் யானைக்குட்டியா சிஸ் என்று கேட்டுக் கேட்டே அவளை எழுத்தை விட்டே ஓட வைத்தார்கள். இப்போது என்ன கேட்கப் போகிறார்கள். பேய்க்கதையா சிஸ். மாமா சர்க்கரை போட்டுக் குடித்தாரா சிஸ். பேர் நாறும், சிரிப்பாய்ச் சிரிக்கும், மிதுலா என்ற பெயர், அதுவும் அதை விலை பேசிக்கொண்டிருக்கிற அன்றைக்கே. மாடு விற்கப் போகும் வழியில் மாட்டுக்கு நொண்டல் வந்த கதை. அழித்துவிடலாம், ஆனால் போன் பைக்குள், பை ஆணியில், கையெல்லாம் பறந்து படிந்த மிளகாய்த் தூள். பரவாயில்லை என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். விரல் நுனி எரிந்தது.

கருத்துகள் வழக்கத்தைவிட அதிகம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு படித்தாள். ‘செம யூடி மிது சிஸ்’, ‘ருத்ரா பார்த்த பார்வை ஹையோ’, ‘வெயிட்டிங் சிஸ்’, கை கூப்பிய படம், பூப்படம், இதயப் படம், ‘நிலானி பாவம், சீக்கிரம் சேர்த்து வைங்க’. இன்னும் கீழே போனாள். ‘மாமா கேட்ட கேள்வி சூப்பர்’ என்று ஒருத்தி. ‘இப்படி ஒரு பெரிய மனுஷன் எல்லா வீட்லயும் வேணும்’ என்று இன்னொருத்தி. ‘நான் சைலண்ட் ரீடர், இதுதான் என் முதல் கமெண்ட். எங்க வீட்ல நானும் அக்காவும் பேசி ரொம்ப நாளாச்சு. கேக்கத்தான் ஆள் இல்ல’ என்று மூன்றாவது ஒருத்தி, பெயர் இல்லை, ரோஜாப்பூப் படம் மட்டும். மேலிருந்து கீழ் வரை, கீழிருந்து மேல் வரை தேடினாள். அவர் செத்துப்போனாரே சிஸ் என்று ஒரே ஒருத்திகூடக் கேட்கவில்லை. முதலில் அப்பாடா என்று இருந்தது. பிறகு அந்த அப்பாடா புளித்தது. இவ்வளவுதானா இவர்கள் படிப்பது, அவள் அடுப்படியில் நின்று அழுதுகொண்டே சொன்ன சாவு இவர்களுக்குள் இரண்டு மாதம்கூடத் தங்கவில்லையா, அப்படியென்றால் யார் எழுதினால் என்ன, மெஷின் எழுதினால் என்ன, பிரணவ் சொன்னது சரி, கொடுத்துவிடலாம். முடிவு வந்துவிட்டது என்று நினைத்துப் போனைப் பைக்குள் போட்டாள். அண்ணாச்சி அவள் மல்லியை எடுத்து மேலே கொட்டினார். மல்லி வாசம் மிளகாய் நெடியைத் தள்ளிக்கொண்டு வந்தது, முடிவு மறுபடியும் கலைந்தது.

ஏனென்றால் அந்த ரோஜாப்பூக்காரி சும்மா படித்தவள் இல்லை. மற்றவர்களும் இல்லையோ என்னமோ. மறந்துபோய் விட்டார்களா, தெரிந்தேதான் விட்டார்களா. செத்த மனுஷன் வீட்டு வாசலில் வந்து நின்றால், நீதான் செத்துவிட்டாயே என்று யாராவது கேட்பார்களா, வா, உட்கார், காபி குடி என்றுதானே சொல்வார்கள். இது தன் தப்பை மூடிக்கொள்ளப் பார்க்கிற யோசனை என்றும் அவளுக்குத் தெரிந்தது. தப்பு தப்புதான். ஆனால் இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் மனசு மாட்டிக்கொண்டு மாவு மெஷின் மாதிரி அங்கேயே சுற்றியது. ருத்ரவேந்தனை அவள் செய்தாள், இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற மாதிரி, இந்தக் குழியில் தாடை, இந்தக் குழியில் கோபம், இந்தக் குழியில் கார். நிலானியும் அப்படித்தான், கண் மட்டும் கொஞ்சம் பெரிது. அவர்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம், மெஷின் தாராளமாக எழுதட்டும், அதற்குக் கை வலிக்காது. சபாபதி மாமாவை அவள் செய்யவில்லை. அவர் வந்தார். இரண்டாவது யூடியில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தவர் தானாகவே வாயைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டார், அவளே திரும்பிப் பார்த்தாள். அவர் யார் சாயல் என்று எத்தனையோ தடவை தேடியிருக்கிறாள். அப்பா இல்லை, அப்பா வீட்டில் பேச்சே கிடையாது. பெரியப்பா இல்லை, அவர்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். ராஜரத்தினத்துக்கு வீட்டில் யாராவது பேசாமல் இருந்தால் அதுவே நிம்மதி. அவள் வாழ்ந்த எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிறகு எப்படி அது அவளுக்குத் தெரிந்தது? தெரியவில்லை. எட்டு வருஷத்தில், இத்தனை கதாநாயகர்களுக்கு நடுவில், அவளைக் கேட்காமல் வந்தவர் அவர் ஒருவர்தான், அவரைப் போய் உயிலுக்காகக் கொன்றாள், கொன்ற பிறகும் கூப்பிடாமலே வந்துவிட்டார். டீமில் இருக்கிற பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்கள். அவர்களிடம் யார் உயிரோடு, யார் செத்தாச்சு என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். அவர் கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார்கள். இதை நினைத்ததும் அவளுக்குத் துக்கமாக இருந்தது, வெறும் கற்பனை ஆளுக்காக மிளகாய் மில்லில் நின்று துக்கப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே துக்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்தாள். மில்லில் இது ஒரு வசதி, ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

போன் வந்தது. பையோடு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, விரல் மடக்கால் பச்சையைத் தள்ளினாள்.

“மேடம், பிரணவ். டிஸ்டர்ப் பண்றேனா? ஏதோ சத்தமா இருக்கே.”

“மில்லுல நிக்கேன். சொல்லுங்க தம்பி.”

“முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?”

“இன்னைக்கு யூடி படிச்சீங்களா?”

“படிச்சோம் மேடம், சூப்பரா இருந்துச்சு. ரெஸ்பான்ஸும் நல்லா இருக்கு. ஒரே ஒரு விஷயம். சபாபதின்னு ஒரு கேரக்டர் வர்றாரு. எங்க டீம் செக் பண்ணப்போ அவர் ஏற்கெனவே இறந்துட்டதா வருது. பரவால்ல மேடம், எல்லாருக்கும் வர்ற தப்புதான். நாங்க எடுத்துட்டதும் இன்னைக்கு யூடியையும் சரி பண்ணிடுவோம். அவர் பேசறதை மாமியார் பேசற மாதிரி மாத்திட்டா போதும்.”

மாமியார் பேசுகிற மாதிரி. தங்கபுஷ்பம் எதிரே சுவரில் ஒட்டியிருந்த பால்வாடி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பயமும் இன்னும் இருந்தன, எது சின்னது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் தன்னிடம் இரண்டு பொருள் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. ஒன்றைத்தான் இவன் கேட்கிறான்.

“பேரை எடுத்துக்கோங்க தம்பி,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது. “மிதுலாவையும் எடுத்துக்கோங்க, ருத்ரா, நிலானி, இதுவரைக்கும் எழுதுன எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. மேற்பார்வையெல்லாம் வேண்டாம். சபாபதிய மட்டும் நான் வச்சுக்கிடுதேன்.”

“புரியல மேடம்.”

“அவர நீங்க எழுதக் கூடாது. நான் எழுதுவேன். வேற கதைல.”

பிரணவ் பக்கத்தில் யாரிடமோ பேசினான். திரும்ப வந்தபோது அவன் குரலில் நிம்மதி தெரிந்தது, பெரிதாக ஏதோ கேட்கப் போகிறாள் என்று பயந்திருப்பான் போல. “அவர் செத்துட்டாரே மேடம்,” என்றான். “செத்த கேரக்டரை நாங்க என்ன பண்ணப் போறோம்? தாராளமா நீங்களே வச்சுக்கோங்க.”

“அதையும் எழுத்துல போட்டுக் குடுங்க.”

“கண்டிப்பா மேடம். அப்ப எந்தப் பேர்ல எழுதுவீங்க? அக்ரிமெண்ட்ல போடணும்.”

“என் பேர்லதான்.”

“ஸாரி மேடம், உங்க பேர் அக்கவுண்ட்ஸ்ல இருக்கும், எனக்கு...”

“தங்கபுஷ்பம்.”

உள்ளே அண்ணாச்சி வேகத்தைக் கூட்டினார் போலிருக்கிறது, தகரக் கூரையே அதிர்ந்தது. “சத்தத்துல கேக்கல மேடம், இன்னொரு தடவை?”

“தங்கபுஷ்பம்!” என்று அவள் கத்தினாள். தன் பெயரைத் தானே அவ்வளவு சத்தமாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. மில்லுக்குள் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், செல்வக்கனி அக்கா வாயைப் பிளந்தாள், அண்ணாச்சி தன்னைத்தான் விரட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, “இந்தா முடிஞ்சிருச்சும்மா, ஏன் பறக்க,” என்று உள்ளிருந்தே பதில் குரல் கொடுத்தார். அவள் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

பிரணவ் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டான். நல்ல பையன்தான், எழுதி முடித்ததும் சட்டென்று போனை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. “மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றான். “இந்தப் பேர்ல போட்டா யாரும் படிக்க மாட்டாங்களே.”

“தெரியும் தம்பி,” என்றாள் தங்கபுஷ்பம். “மிதுலாவையும் மொதல்ல யாரும் படிக்கல.”